கிளினிக் போகும் நாளுக்கும் முழுப்பேர் போடுங்கள்

மதிப்புக்குரிய தோட்டத் துரைமார்களுக்கும் கம்பனி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கர்ப்பிணிகளைக் கிளினிக்கிற்குக் கூட்டிப் போய் வருகிறவள் நான். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வயிற்றுப் பிள்ளைக்காரி கிளினிக் போகிற நாளுக்கு முழுப்பேர் போடுங்கள், அதாவது அன்றைக்கும் முழுநாள் சம்பளம் பதியுங்கள்.

பொதுவாகக் கர்ப்ப காலத்தில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. பிள்ளை மாதம் நிறையாமல் பிறக்கலாம், எடை குறையலாம். பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் கூடுதலாகப் போனாலும் அந்த உடம்பு தாங்காது. இவ்வளவுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் போலிக் அமிலமும் பூச்சி மருந்தும் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம்.

பிறகு ஏன் எங்கள் பெண்களுக்கு இரத்தம் ஏறவில்லை? ஒரு தங்கச்சியின் லயத்துக் காம்பராவில், திரிபோஷா சத்துமா பக்கற்றுக்குள் மாத்திரைகள் அப்படியே கிடந்தன. கேட்டேன். "அக்கா, காலையில வெறும் வயித்துல போட்டா மலை ஏறயில கொமட்டுது. கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான?" என்றாள். மலம் கறுப்பாகப் போனதிலும் பயந்திருக்கிறாள். அது இந்த மாத்திரையால் வருவது, பயமில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முந்தின இரண்டு கிளினிக்கும் அவள் போகவில்லை. போனால் அன்றைய பேர் இல்லையே.

போயிருந்தால் குடும்பநல மாது சொல்லியிருப்பார்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, தேசிக்காய்த் தண்ணியோடு குடி, கல்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்கு வை. முக்கியமாக, தேத்தண்ணியோடு போடாதே, முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடு. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மலையில் பத்து மணிக்கு ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும்தான் எங்கள் பெண்களின் சாப்பாடு. அந்த ரொட்டியில் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் சாயம் தடுத்துவிடுகிறது.

மாத்திரை தொடங்கி நான்கு வாரமளவில் இரத்தத்தைத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவா, பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? தேவைப்பட்டால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு இரத்தக் குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றவும் வழியுண்டு. இரத்தம் ஏறிவிட்டாலும் மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது, பிள்ளை பிறந்த பின்னும் தொடர வேண்டும். ஆகவே ஒரு தடவை போய் வந்தால் முடிகிற காரியமல்ல இது. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளத்தை இழக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

கர்ப்பிணி நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோவைக் குறைத்துக் கொடுங்கள், செங்குத்தான மலைக்கு அனுப்பாதீர்கள் என்றும் கேட்கிறேன். ஆனால் முதலில் பேர். கிளினிக் அட்டையில் அன்றைய திகதி பதிந்திருக்கும், அதைப் பார்த்தே செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் முழுப்பேர் எழுதலாம். கிளினிக்கிற்கு முந்தின நாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டில் கங்காணிமார் திகதியைச் சொல்லிவிடட்டும். அடுத்த மாதக் கிளினிக்கிலிருந்தே இதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பெண் ஒருத்தி