பாலு மகேந்திராவை ஊருக்கு அழைத்துவந்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே அமிர்தகழியில் 1939இல் பிறந்த திரைப்பட இயக்குநர் பாலு மகேந்திராவின் படங்களை மட்டக்களப்பிலேயே ஊர்ச்சனத்தோடு இருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் வாசிகசாலைக்காரரின் நெடுநாள் ஆசை. இந்த மாதம் அது நடந்து முடிந்தது. ஆசை மட்டும்தான் எங்களுடையது. மற்ற எல்லாம் நீங்கள் தந்தவை.

முதல் நன்றி, பழைய வீடியோக் கடை ஐயாவுக்கு. கடையை மூடிப் பல வருடம் ஆன பிறகும் ‘கதை நேரம்’ பதிவான கசெற்றுகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருந்தார். சன் தொலைக்காட்சிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளில் 52ஐத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒன்றாகப் பாலு மகேந்திரா எடுத்த வரிசை அது. சுஜாதா, மாலன் என்று நாம் தாளில் வாசித்தவர்களின் கதைகள். ஒரு கதை அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியும். தேசிய விருதுகள் வாங்கிய இயக்குநர், சின்னத்திரைதானே என்று ஒரு ‘ஃபிரேமை’க்கூட அலட்சியமாக வைக்கவில்லை. வெற்றிமாறன் அவரிடம் உதவியாளராகப் பயின்றது இந்தக் கதைகளில்தான். என்னைக் கேட்டால், அவருடைய பெரிய படங்கள் சிலவற்றைவிட இவை மேல். ஐயா, நீங்கள் வைத்திருக்காவிட்டால் எங்கள் பிள்ளைகள் இவற்றை இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் தையல் நிலையத்து அக்காமார். மண்டபத்தின் அத்தனை யன்னல்களுக்கும் கறுப்புத் துணியில் திரை தைத்துக் கொடுத்தீர்கள். கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்த இருட்டு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தவர். கிடைக்கிற வெளிச்சத்தை நம்பிப் படம் எடுத்தவர். யன்னலால் விழும் வெயில் ஒரு முகத்தின் பாதியில் நின்றுவிடும். மற்றப் பாதி இருட்டுக்குள் போகும். மண்டபத்துக்குள் வெளிச்சம் கசிந்தால் அந்த இருட்டுக்குள் இருப்பது ஒன்றும் தெரியாது. ‘வீடு’ படத்தில் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிற இடத்தில், அந்தச் சாந்தின் சொரசொரப்புக்கூட எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அது நீங்கள் தைத்த திரையால்.

‘வீடு’ போட்ட மாலையில் மேசன்மாரைக் கூட்டிவந்த தம்பிக்கும் நன்றி. 1988இல் வந்த படம். கடன், சீமெந்து, ஒப்பந்தக்காரர் என்று வீடு கட்டுகிற எல்லாச் சனத்துக்கும் தெரிந்த கதை. பாடலே கிடையாது. இருந்தும் ஒருவரும் இடையில் எழும்பவில்லை. படம் முடிந்து மேசன்மார் பேசிய பேச்சை எந்த விமர்சகரும் பேசிக் கேட்டதில்லை.

கண்காட்சி அட்டைகளைக் கையால் எழுதித் தந்த ஓய்வுபெற்ற ரீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பள்ளிச் சுற்றுலா போன சிறுவன் பாலு மகேந்திரா, கித்துல்கலவில் ஆங்கிலேய இயக்குநர் டேவிட் லீன் நடத்திய படப்பிடிப்பைப் பார்க்கிறான். இயக்குநர் ‘மழை’ என்று சொன்னதும் மழை கொட்டுகிறது. அப்படிச் சொல்லி மழை பெய்விக்கிற ஆளாகத் தானும் வர வேண்டும் என்று அன்றைக்கே நினைத்ததாகப் பாலு மகேந்திரா பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார். ரீச்சர் அதை எழுதிய அட்டைக்கு முன்னால்தான் பிள்ளைகள் கனநேரம் நின்றார்கள். ராமு காரியத்தின் ‘நெல்லு’வில் ஒளிப்பதிவாளர், 1977இல் கன்னடத்தில் ‘கோகிலா’வோடு இயக்குநர், பிறகு ‘அழியாத கோலங்கள்’, ‘மூன்றாம் பிறை’ என்று மற்ற அட்டைகள் போயின. பாலா, ராம், சீனு ராமசாமி முதலான மாணவர்களுக்குத் தனி அட்டை ஒன்று.

சென்னையிலிருந்து நல்ல பிரதிகளை அனுப்பிய நண்பர்களே, உங்களுக்கு நன்றி சொல்லும்போது மனம் கனக்கிறது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திராவே வேதனையோடு எழுதினார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது நியாயம். நாமும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

‘தலைமுறைகள்’ போட்ட நாளில் பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அப்பப்பாமார், அம்மம்மாமார் எல்லோருக்கும் நன்றி. அவர் தானே தாத்தாவாக நடித்த படம், 2013இல் வந்தது. அடுத்த பெப்ரவரி 13இல் அவர் போய்விட்டார்.

தேத்தண்ணியும் வடையும் தந்த கடைக்காரருக்கும், கதிரை தூக்கிய பொடியன்களுக்கும், புரொஜெக்டர் தந்த பாடசாலைக்கும் நன்றி. ரீச்சரின் அட்டைகள் வாசிகசாலை அலுமாரியில் இருக்கின்றன. மற்றப் பாடசாலைகளுக்கு வேண்டுமானால் வந்து இரவல் எடுத்துப் போகலாம். வீட்டில் யாரிடமாவது ‘கதை நேரம்’ கசெற் கிடந்தால் வீசிவிடாமல் எங்களிடம் தாருங்கள், படியெடுத்துத் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
வாசிகசாலை நண்பர்கள் சார்பில்