அக்காவுக்கு, ஆவணிக்கு முன்

அக்கா,

போனில் நீ சொன்னதும் அதற்கு நான் கேட்டதும் நமக்குள் இருக்கட்டும். சித்தி வீட்டில் இதைப் படிப்பார்கள். ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவான். அதனால் நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் பெயரை எழுதவில்லை. நல்ல மனுஷர் என்று கேள்விப்பட்டேன், அது போதும்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அட்டை பிய்ந்த உன் பெரியபுராணத்தை எடுத்தேன். திருநாவுக்கரசர் கதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ எப்போதும் அவருடைய அக்கா திலகவதியார் பக்கம் நின்று சொல்வாய். இந்தத் தடவை தம்பி பேசுகிற பாட்டில் மாட்டிக்கொண்டேன். 12 வயதில் அவளுக்குப் பேசி முடித்த கலிப்பகையார் போர்முனையில் இறந்துவிட்டார். அப்பா, அம்மா அதற்கு முன்பே போயாயிற்று. அவர் உயிரோடு என் உயிரையும் சேர்த்துவிடுகிறேன் என்று அவள் துணிந்துவிட்டாள். காலில் விழுந்த தம்பி மருணீக்கியார், பின்னால் திருநாவுக்கரசர் ஆனவர், சொல்கிறார்: ‘என்னை இனித் தனிக்கைவிட்டு ஏகுவீர் எனில் யானும் முன்னம் உயிர் நீப்பன்.’

அந்த ‘முன்னம்’ பார்த்தாயா? நீ சாவதற்கு முன்னால் நான் செத்துவிடுவேன் என்கிறான். பாசம் பாசம் என்று எல்லாரும் உருகுகிற இடம். எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.

அந்த மிரட்டலை நானும் விட்டிருக்கிறேன். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலை. நீ அடுப்படியில் அரிவாள்மனையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். ‘நீ போயிட்டா நான் கெணத்துல குதிச்சிடுவேன்’ என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துருவிக்கொண்டே இருந்தாய். வெள்ளை தீர்ந்து பழுப்புத் தோல் வந்தது, அதுவும் தட்டில் விழுந்தது, கடைசியில் கொட்டாங்கச்சியில் இரும்பு கரகரவென்று உரசியது. அன்றைக்குச் சட்னி ஒரு மாதிரி இருந்தது. சாயங்காலம் அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாய்.

எனக்கு 11 வயது. அம்மா போய் ஐந்து மாதம். என்ன தெரியும்? இதையேதான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. கதையில் அந்தத் தம்பி வளர்ந்து சமணரோடு சேர்ந்து தருமசேனர் ஆகிவிடுகிறார். அக்கா திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகிக்கொண்டு தனியாக இருக்கிறாள். சூலை நோயில், வயிற்று வலியில் துடித்தவர் சமையல்காரனை அனுப்பிக் கூப்பிட்டால், ‘அமண்பாழி நண்ணுகிலேன்’, சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். பெங்களூரில் எனக்கு டெங்கு வந்தபோது நீயும் வரவில்லை. காரணம் என் கல்யாணம். அதற்கு மேல் இங்கே வேண்டாம். உயிரையே எனக்காக வைத்திருந்தவள் ஒரு பஸ் ஏறியிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அக்காவைத் தேடி வந்த மருணீக்கியாரைப் போலவே நானும் ராத்திரியில்தான் வந்து இறங்கினேன். நீ கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் நெற்றியில் திருநீறு பூசி, ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாய். அதையும் மறக்கவில்லை.

அவள் ஏன் உயிரோடு இருந்தாள் என்பதற்குச் சேக்கிழார் ‘தம்பியார் உளராக வேண்டும் என வைத்த தயா’ என்கிறார். 12ஆம் நூற்றாண்டில் அந்த மனுஷர் எவ்வளவு கவனமாகச் சொல் பொறுக்கியிருக்கிறார்! ஆனால் தம்பி நாவுக்கரசராகி ஊர் ஊராகக் கிளம்பியதும் புராணம் அவர் பின்னாலேயே போய்விடுகிறது. 63 நாயன்மாரில் தம்பி உண்டு, அக்கா இல்லை. கலிப்பகையாரை அப்புறம் எப்போதாவது நினைத்தாளா என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்டதில்லை. அந்தச் சம்பந்தம் உனக்குப் பிடித்திருந்ததா?

கேட்காமல் இருந்துவிட்டு, 51 வயதில் நீயாக ஒன்று சொல்லும்போது ‘இப்பப் போயா?’ என்றேன். எழுதிவிட்டேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும். தப்புதான். ஆனாலும் எனக்கு முன்னால் சித்திக்கு எப்படிச் சொன்னாய்? அதைச் சொல், முதலில்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் மூன்று சாட்சி வேண்டுமாம். இரண்டு பேர்தான் ஆகியிருக்கிறார்கள் என்று சித்தி சொன்னாள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம். ஆதார் ஒரிஜினல் போதுமா, ஜெராக்ஸும் எடுத்து வரவா?

தம்பி