அந்தக் குளோன் இலக்கத்தை வெட்டாதீர்கள்: பெறுகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வுகூடப் பொருட்களுக்கு விலைமனு கோரி ஒப்புதல் தரும் பெறுகைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பெரியம்மாவோடு தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வந்த காலத்தில்தான் இந்தத் துறைக்கு வர முடிவெடுத்தேன்.

எங்கள் பெறுகைக் குழுவிடம் நாங்கள் கேட்டது, ராட்51 என்ற மனிதப் புரதத்தை அடையாளம் காட்டும் பிறபொருளெதிரி. பிறபொருளெதிரி என்றால், குறித்த ஒரு பொருளைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம். டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் அறுந்துபோனால், பழுதில்லாத பிரதியைப் பார்த்துத் திருத்த உதவுவது இந்தப் புரதம். அதை அறுந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிஆர்சிஏ2 என்ற இன்னொரு புரதம். அதே பெயருள்ள அதன் மரபணுவில் பிழையோடு பிறந்த பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவதற்கு முக்கிய காரணம் இந்தத் திருத்தவேலை குழம்புவதுதான்.

ஒரு குப்பியில் 100 மைக்ரோலீற்றர். கண்ணால் பார்த்தால் இரண்டு சொட்டு. எங்கள் கோரிக்கையில் இருந்த குளோன் இலக்கத்தை, அதாவது பிறபொருளெதிரி எந்தக் கலவழியில் வந்தது என்று சொல்லும் அடையாளத்தை, வெட்டிவிட்டு, 'ராட்51 பிறபொருளெதிரி' என்று மட்டும் போட்டு, வந்த மூன்று விலைமனுக்களில் குறைந்ததை வாங்கித் தந்தார்கள். பெயர் ஒன்றுதானே என்றார்கள்.

பெயர் ஒன்றுதான், சரி. ஆனால் அதே பெயரில் விற்கும் குப்பிகளில் ஒன்று முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த கலவை, மற்றது சுண்டெலியின் ஒரே கலவழியில் வந்தது. ஒன்று புரதத்தின் ஒரு முனையைப் பிடிக்கும், மற்றது மறுமுனையை. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஒரு மென்சவ்வில் ஒற்றிப் பார்க்கும் வெஸ்டர்ன் புளொட்டில் அழகாக வேலை செய்யும் குப்பி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்றையும் காட்டாமல் விடலாம்.

ராட்51இன் எடை, புரதங்களை அளக்கும் அலகில், ஏறக்குறைய 37 கிலோடால்டன். மென்சவ்வில் அந்த எடைக்குரிய உயரத்தில் தெளிவாக ஒரு கோடு விழ வேண்டும். எங்கள் மென்சவ்வில் 37இல் ஒரு மங்கல் நிழல், 55க்குப் பக்கத்தில் தடித்த கறுப்புக் கோடு. ராட்51 இல்லாமல் கலங்கள் பெருகாது என்பதால் அதை முற்றாக நீக்கிப் பார்க்க முடியாது. அதனால், ஒரு மரபணுவின் செய்தியை அழிக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறு கொண்டு குறைத்தோம். அந்தச் செய்தியான எம்ஆர்என்ஏயின் அளவு இறங்கியதைப் பிசிஆர் சோதனையிலும் உறுதி செய்தோம். இரண்டு கோடும் கொஞ்சமும் குறையவில்லை. ஆக, அந்தக் குப்பி ராட்51ஐப் பிடிக்கிறது என்று நம்ப வழியில்லை. அதற்குள் நாலு மாதம் போய்விட்டது. அது ஒரு மாணவியின் ஆய்வேட்டுக் காலம். அவள் அந்த மென்சவ்வை இன்னும் எறியாமல் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை. 2015இல் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் சேர்ந்து கையொப்பமிட்டு, பிறபொருளெதிரிகளை அவற்றை உருவாக்கும் மரபணுத் தொடரை வைத்தே வரையறுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பணம் உள்ள ஆய்வுகூடம் இன்னொரு குப்பி வாங்கும். எங்களுக்கு அடுத்த நிதியாண்டு வரவேண்டும்.

பொதுப்பணத்தைக் கவனமாகச் செலவழிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதற்காகவே கேட்கிறேன்: புரதத்தைக் குறைத்த கலத்தில் கோடும் குறையும் படத்தை விலைமனுவோடு கேட்டு வாங்குங்கள். அதைத் தர முடியாதவரின் விலையை ஒப்பிடவே வேண்டாம். அப்புறம், குளிரில் வரும் பொதியை வெள்ளிக்கிழமை பின்னேரம் களஞ்சியத்தில் விட்டுப் போகாதபடி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அந்த மாணவியின் புதிய கோரிக்கை இந்த மாதம் உங்கள் மேசைக்கு வருகிறது. குளோன் இலக்கம் இரண்டாவது வரியில் இருக்கும். அதை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுகூட ஊழியர்,
யாழ்ப்பாணம்