அலமாரி உச்சியிலிருந்து இறங்கிய வயலின்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. அதனால் கடிதம்.

உங்களில் சிலருக்கு என் கண் கதை தெரியும், சிலருக்கு வயலின் கதை தெரியும். இரண்டும் ஒன்றாக நடந்ததால் சேர்த்தே சொல்கிறேன்.

1974-ல், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, அப்பா என் வயலினைப் பெட்டியில் வைத்து அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டார். "பரீட்சை முடியட்டும்மா" என்றார். பரீட்சை முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பெட்டி இறங்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் சைதாப்பேட்டைத் தெருவுக்குள் புகுந்தபோது, தரைத்தளத்து வீட்டில் அதிகம் மிஞ்சவில்லை. வயலின் மிஞ்சியது. உச்சியில் இருந்ததால்தான்! அப்பா மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

தண்ணீர் படாவிட்டாலும் ஈரம் விடவில்லை. வயலினின் ஓரம் வாய் பிளந்திருந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். கதவு, மேஜைக்குப் போடும் வெள்ளைப் பசையை அப்பிக் கொடுத்தார்கள். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது. சரி, இதற்கு விதி இவ்வளவுதான் என்று மறுபடி மேலே ஏற்றினேன்.

இந்த வருஷம் இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துப் புரை அறுவை. சில வாரம் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மூன்றாம் மாடித் தம்பி, இங்கேதான் நீ வருகிறாய். சாயங்காலம் அரை மணி நேரம் படித்துக் காட்டுகிறேன் என்று நீயாகத்தான் வந்து சொன்னாய். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவன் என்பதை மட்டும் சொல்லவில்லை! கிளை நூலகத்து அம்மா ஏணி போட்டு எடுத்துக் கொடுத்ததோ தலையணைத் தடிமனில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 122 அத்தியாயம். முதல் வாரம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். மூன்றாம் வாரம் நான் தூங்கிய பிறகும் நீ படித்துக்கொண்டிருந்ததும் தெரியும், நான் தூங்கவில்லை.

நமக்கெல்லாம் அவர் ஏடு தேடி அலைந்த கிழவர். 1855-ல் பிறந்த அந்த உத்தமதானபுரத்துப் பையனை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவனுடைய அப்பா கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர், ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொல்லிக் குடும்பத்தை ஓட்டியவர். மகனும் சங்கீதக்காரனாக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ தமிழ்ப் பைத்தியம். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறான். வேங்கடராமன் என்ற பெயரோடு போனவன் அங்கேதான் சாமிநாதன் ஆகிறான். அதே ஊரில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருக்கிறார். அப்பாவின் விருப்பப்படி அவரிடம் பாட்டும் கற்கிறான். விஷயம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தெரியவருகிறது. பாட்டில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி முழுசாகப் போகாது என்கிறார். பாட்டு நின்றுவிடுகிறது.

இதைப் படித்ததும் நீ நிறுத்தி, "ஆன்ட்டி, உங்க கதை மாதிரியே இருக்கே" என்றாய். அவர் பாட்டை விட்டதில் தமிழுக்குச் சங்க இலக்கியம் கிடைத்தது. நான் வயலினை விட்டதில் அரசாங்கத்துக்கு ஒரு கணக்கர் கிடைத்தாள். ரொம்ப நேரம் சிரித்தோம். மறுநாள் நீயே ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாய்.

திருவல்லிக்கேணிச் சந்தில் வயலின் பழுது பார்க்கும் பெரியவரே, அடுத்த நன்றி உங்களுக்கு. அந்தக் கலகல சத்தத்தைக் கேட்டதும் நீங்கள் சிரித்தீர்கள். உடைசல் என்று நான் இத்தனை வருஷம் நினைத்தது, சவுண்ட் போஸ்ட் என்கிற சின்னக் குச்சி. சுமார் 6 மில்லிமீட்டர் கனம். பசை கிடையாது, ஆணி கிடையாது. மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவே, தந்திகளின் அழுத்தத்தில் நிற்கிறது. நான்கு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினால் விழுந்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் அதற்கு வைத்த பெயர் 'ஆன்மா'. இத்தாலியின் கிரெமோனாவில் 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட்ரியா அமாதி வயலின் செய்த காலத்திலிருந்தே மேலே ஸ்ப்ரூஸ் மரம், அடியில் மேப்பிள் மரம் என்கிற கணக்கு இருக்கிறது என்றும் சொன்னீர்கள். மேல் பலகை மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அதன் மேல் தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்கிற மரத்துண்டை நிறுத்தி, 20 கிலோவுக்கு மேல் இழுக்கும் தந்திகளைக் கட்டுகிறோம். (குதிரை மேல் குதிரை வால் முடியை இழுத்து வாசிக்கிறோம் என்பதும் அன்றுதான் உறைத்தது. வில்லில் இருந்த முடியைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது.)

நீங்கள் செய்த ஒரு வேலையைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மெல்லிய கத்தியைச் சூடாக்கி ஓரத்தில் நுழைத்தீர்கள். தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய வச்சிரப் பசை இருந்த இடமெல்லாம் 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. வெள்ளைப் பசை இருந்த இடத்தில் மட்டும் மரம் நாராய்க் கிழிந்தது. "வச்சிரம் போடறதே அடுத்த ஆள் பிரிக்கிறதுக்குத்தாம்மா" என்றீர்கள். பிரிக்க வேண்டி வரும் என்று தெரிந்தே ஒட்டுகிறார்களாம்! நாராய்ப் போன இடத்தில் பட்டை பட்டையாக மரம் வைத்து ஒட்டி, கவ்விகள் போட்டு, மழை நாளில் அவசரப்பட மாட்டேன் என்று பத்து நாள் என்னைக் காக்க வைத்தீர்கள். கேட்ட கூலியோ என் கண் சொட்டு மருந்து விலைகூட இல்லை. இரண்டு தடவை வாதாடித்தான் கூடுதலாக வாங்க வைத்தேன்.

பெட்டியை மடியில் வைத்த என்னை ஸ்பீடு பிரேக்கர் தெரியாமல் கொண்டுபோய், வெயிட்டிங் சார்ஜே வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், கண் கட்டு இருந்த நாளெல்லாம் ரசம் கொடுத்தனுப்பிய தம்பியின் அம்மாவுக்கும் என் வணக்கம்.

கடைசியாக, பக்கத்துத் தெரு டீச்சர். அறுபத்தாறு வயசில் மாணவியா என்று கேட்காமல், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மணலியில் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்ற கதையைச் சொல்லி உட்கார வைத்தீர்கள். தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்கி ஸ-ப-ஸ-ப சுருதி சேர்க்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது, நீங்களும் காத்திருக்கிறீர்கள்.

திங்கள், வியாழன் காலை ஏழு மணிக்குச் சாதகம். சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடத்தில் முதல் காலம் பரவாயில்லை, வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலம் இன்னும் கீச்சிடுகிறது. முதல் மாடிக்காரர்கள் இதுவரை ஜன்னலை மூடவில்லை. அவர்களுக்கும் நன்றி. மூடினாலும் வருத்தப்பட மாட்டேன்.

அன்புடன்,
தரைத்தளத்து ஆன்ட்டி