தேம்ஸ் அம்மாவும் ஒரு கான்ஸ்டபிளும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன முறை ஊருக்கு வந்தபோது நீ அலமாரியில் விட்டுச் சென்ற 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதுமாகப் படித்துவிட்டேன். பேயும் மந்திரவாதியும் வரும் கதைகள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் நான் படித்தவை எல்லாம் ஏழு கடல், ஏழு மலை தாண்டி எங்கோ நடந்தவை. நீ தினமும் ரயில் ஏறி இறங்கும் லண்டனிலேயே, கைப்பேசியும் காவல் நிலையமும் இருக்கிற இதே காலத்தில் மாயம் நிகழ்கிற, அர்பன் ஃபேண்டசி என்று சொல்லப்படும் இவ்வகைக் கதையை இப்போதுதான் அறிந்தேன். தொலைபேசியில் சொன்னால் தீராது என்பதால்தான் இந்தக் கடிதம்.

பென் ஆரனோவிச் 2011-இல் வெளியிட்ட இந்த நாவலில் என்னை முதலில் ஈர்த்தவன் பீட்டர் கிராண்ட் என்னும் இளம் கான்ஸ்டபிள். கோவென்ட் கார்டனில் கொலை நடந்த இடத்தைக் காத்து நிற்கும் அவனிடம் சாட்சி சொல்ல வருபவர், இறந்து நூறாண்டு கடந்த ஒருவர். பேயைக் கண்ட பிறகும் அவன் போலீஸ்காரனாகவே இருந்து விசாரிக்கிறான். மந்திரம் கற்கத் தொடங்கியதும் அருகிலுள்ள கைப்பேசியின் சிப் பொடிப்பொடியாகிவிடுகிறது; அது ஏன் என்று அவன் சோதனைகள் செய்து பார்க்கிறான். எதையும் செய்யவல்ல மந்திரம் எனக்குச் சலிப்பூட்டும். விலையும் விதியும் உள்ள இந்த மந்திரத்தையோ முழு மனத்துடன் நம்பினேன். கொலைகளின் கொடூரத்தைச் சற்றுக் குறைத்திருக்கலாம் என்பது மட்டுமே என் குறை.

ஆனால் நான் உனக்குச் சொல்ல விரும்புவது ஆறுகளைப் பற்றி. நைஜீரியாவிலிருந்து நர்ஸிங் படிக்க வந்த ஒரு பெண், வாழ்க்கை வெறுத்துத் தேம்ஸில் தன்னை ஒப்படைத்து, அந்த ஆற்றின் தெய்வமாகவே எழுந்துவருகிறாள். டெடிங்டன் மதகுக்குக் கீழே, கடலேற்றம் எட்டும் தேம்ஸ் அவளுடையது; மதகுக்கு மேலே இருப்பது பழைய தேம்ஸ் அப்பாவின் ஆட்சி. அவர் நகரத்தைக் கைவிட்டுப் போனதாகக் கதை சொல்லும் 1858-ஆம் ஆண்டு, கழிவுநீர் கலந்த தேம்ஸின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்ட அதே ஆண்டு என்று பிறகு படித்தறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மனிதர்கள் சாக்கடையாக்கிய ஆற்றைத் தெய்வம் விட்டுச் செல்வதும், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஒருத்தி அந்த இடத்தை ஏற்று நிற்பதும் எவ்வளவு பெரிய கற்பனை! ஆடிப் பெருக்கன்று, மசக்கைக்காரியான காவிரிக்குச் சித்திரான்னமும் காதோலை கருகமணியும் கொண்டுபோய்க் கொடுத்து வளர்ந்த எனக்கு, ஆறு ஒரு பெண்ணாக வந்து பேசுவதில் வியப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அவளோடு பேச்சுவார்த்தை நடத்த ஒரு கான்ஸ்டபிளை அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குப் புதிது.

கதை நிற்கும் தரை உண்மையானது என்பதால், நீ போய்ப் பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. மண்ணுக்கடியில் மூடப்பட்ட ஃப்ளீட் ஆறு ஓடும் ஓசையை, கிளெர்கன்வெல்லில் ரே தெருவிலுள்ள இரும்புக் கம்பி மூடியருகே நின்றால் கேட்கலாமாம். ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் தண்டவாளத்துக்கு மேலே செல்லும் பெரிய இரும்புக் குழாய்க்குள் வெஸ்ட்போர்ன் ஆறு போகிறது. அதன் கீழே எத்தனை முறை ரயிலுக்காக நின்றிருப்பாயோ! கோவென்ட் கார்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் தூண்களுக்குப் பின்னே தெரியும் பெரிய கதவு வெறும் தோற்றம்தான், வாசல் மறுபக்கம் இருக்கிறது. 1662-இல் நாட்குறிப்பு எழுத்தாளர் சாமுவேல் பீப்ஸ் அவ்விடத்துக்கருகே கண்ட, 'பஞ்ச்' என்னும் பொம்மையின் ஆட்டத்தைப் பற்றிய கல்வெட்டும் அங்கேயே உண்டு. அந்தப் பொம்மைக்குக் கதையில் என்ன வேலை என்று உனக்குத் தெரியும்.

இதே வகையில், செர்கேய் லுக்யானென்கோவின் 1998-ஆம் ஆண்டு நாவல் மாஸ்கோவில் நடக்கிறது என்று அறிந்தேன். அதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் பீட்டரின் அடுத்த கதையான 'மூன் ஓவர் சோஹோ' வேண்டும். ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு. எழுத்து சற்றுப் பெரிதாக அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் அதையே வாங்கு.

அன்புடன்,
அம்மா