கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மாங்கூழ் ஆலையும் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லும் நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான். சண்டைக்கு வந்த மடல் இல்லை இது. ஒரு மில்லின் கழிவு எங்கள் ஏரியில் இறங்கி ஊரே மூக்கைப் பொத்திய கதை வேறு. அந்த நாற்றத்துக்குள் இருக்கும் சரக்கைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மரவள்ளிக் கிழங்குப் பால் வடித்த தண்ணீரில் மாவுச்சத்து, மாங்கூழ் கழுவிய தண்ணீரில் சர்க்கரை. இரண்டும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. சீனாவின் சிங்குவா, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல், கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வைத்தே தண்ணீரின் உப்பை நீக்கும் ஒரு சின்னக் கருவியைக் காட்டினார்கள். மூன்று அறைகள். ஒரு ஓரத்தில் கழிவை உண்ணும் பாக்டீரியா, நடுவில் உப்புத் தண்ணீர். பாக்டீரியா தின்று வெளியேற்றும் எலக்ட்ரான்கள் கரி மின்முனை வழியே கம்பியில் ஏறி மறு ஓர அறைக்குப் போகின்றன. அதை ஈடுகட்ட நடு அறையின் உப்பு பிரிகிறது: எதிர்மின் அயனிகளை (எதிர் மின்னூட்டம் கொண்ட துகள்களை) மட்டும் விடும் ஒரு சவ்வைக் கடந்து குளோரைடு கழிவுப் பக்கம், நேர்மின் அயனிகளை மட்டும் விடும் இன்னொரு சவ்வைக் கடந்து சோடியம் எதிர்ப்பக்கம். ஆர்.ஓ. மாதிரி பம்பு வைத்து அழுத்த வேண்டாம். கடல்நீர் அளவான, லிட்டருக்கு 35 கிராம் உப்பிலும் சுமார் 90 சதவீதம் நீங்கியது. ஆனால் நடு அறை கொண்டது சில மில்லி மட்டுமே. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலே இல்லாத ஊரில் இது எதற்கு என்பீர்கள். எங்கள் அம்மாவின் பல்லில் பழுப்புக் கறை ஏறியது போர் தண்ணீரின் புளோரைடால். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குடிக்க வேறு தண்ணீர் கிடைத்தது. ஆனால் ஊருக்கு ஊர் வைத்த ஆர்.ஓ. இயந்திரங்கள் உப்பும் புளோரைடும் கூடிய தண்ணீரைக் கழித்துக் கொட்டுகின்றன. நடு அறையில் ஊற்றி நான் சோதிக்க நினைப்பது அந்தத் தண்ணீரை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. புளோரைடும் எதிர்மின் அயனிதான். குளோரைடு போகும் வழியிலேயே அதுவும் உங்கள் கழிவுக்குள் வந்து சேரும். கழிவின் மாவும் சர்க்கரையும் குறையும், உப்பும் புளோரைடும் கூடும். "இரண்டு தண்ணீரும் சுத்தமாகும்" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அந்தக் கழிவைத் தென்னைக்குப் பாய்ச்சவும் கூடாது.

மின்சாரமா? அந்தச் சோதனையில் மின்முனையின் சதுர மீட்டருக்கு 2 வாட், அதுவே உச்சம். மோட்டார் கனவு வேண்டாம்.

உண்மையான தலைவலி சவ்வுதான். விலை கூடியது, வழவழப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். மாங்கூழின் நார் எவ்வளவு சீக்கிரம் அடைக்கும், கிழங்கிலிருந்து கழிவில் இறங்கும் சயனைடு பாக்டீரியாவை எவ்வளவு சோர வைக்கும் என்பதை உங்கள் வளாகத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். சவ்வுக்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, பாவ்நகரின் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த வகைச் சவ்வுகளில் பல காலமாக வேலை செய்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான்: கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிற்கும் இடம், ஒரு குழாய் இணைப்பு, பொறியியல் மாணவர்கள் வந்துபோக அனுமதி. வரும் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். வரும் கணக்கை, மோசமானதென்றாலும், மறைக்காமல் ஊருக்குச் சொல்வோம். கோடையில் மாங்கூழ் ஆலையிலும், கிழங்கு பிடுங்கும் பனிக்காலத்தில் சேகோ மில்லிலும் வைத்துப் பார்த்தால் வருஷத்தின் பெரும்பகுதி பாக்டீரியாவுக்குப் பட்டினி இல்லை.

மாங்கூழ் ஆலைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பாக்டீரியாவை உங்கள் கழிவுக்குப் பழக்கச் சில வாரம் ஆகும். பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்குவதற்குள் கருவியை வைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து வாத்தியார்