நீ கொடுத்த அந்த பாஸ்

செங்கோட்டை,
ஆனி 18

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனிலேயே பேசிவிடலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். பேச ஆரம்பித்தால் பாதியில் நீ குறுக்கே விழுவாய், நானும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். இது தாவக்கூடாத விஷயம், அதனால் எழுதுகிறேன்.

இங்கே சாரல் கட்டிவிட்டது. காலையில் மலை இருக்கும் இடத்தில் மேகம்தான் தெரிகிறது. குற்றாலத்தில் நல்ல கூட்டம், பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகளில் உட்கார இடமில்லை. ஆரியங்காவு வழியாக வரும் கொல்லத்து மீன் லாரிகள் ரோடெல்லாம் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகின்றன. வீட்டில் அவளுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை.

சரி. பேரனை ஹாக்கி டீம் தேர்வில் கழித்துவிட்டார்கள், ‘போதும், மட்டையைக் கீழே போட்டுவிட்டு டியூஷனுக்குப் போ’ என்று சொல்லிவிட்டேன் என எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மகள் பிரசவத்துக்காக நானும் அவளும் டொரொண்டோ போய் நாலு மாதம் இருந்தோமே, அங்கே பார்த்த ஐஸ் ஹாக்கியைப் பற்றி உனக்கு விவரமாகச் சொல்லவே இல்லை. மருமகன் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். மைதானம் நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், 200 அடிக்கு 85 அடி. கோல் காக்கும் கோலியோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். முக்கால் நிமிஷம் ஆடியதும் இளைத்துப்போய் பெஞ்சுக்கு வந்துவிடுகிறார்கள், அடுத்த செட் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறது. அதற்காக ஆட்டம் நிற்பதில்லை. மட்டையின் இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம், தட்டைப் பக்கத்தால் மட்டும் அடிக்க மட்டையை ரிவர்ஸ் திருப்பி நாம் பட்ட பாடு அவர்களுக்கு இல்லை. இரும்பு பிளேடு ஐஸைச் சீவும் சத்தம் இருக்கிறதே, மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளத்தின் மேல் கத்தியை இழுத்தால் வருமே, அதே சத்தம்தான். பத்துப் பேர் சேர்ந்து இழுப்பது மாதிரி வைத்துக்கொள்.

பந்துக்குப் பதில் ‘பக்’ என்று ஒரு ரப்பர் வில்லை. துள்ளாமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்னால் அதையும் உறைய வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். அண்ணாச்சி கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 170 கிராம் காட்டியது. நம் பந்தைவிடப் பத்து கிராம் கூட இருக்கலாம். கன்னங்கரேலென்று, விளிம்பெல்லாம் சொரசொரப்பாக, எடைக்கல் மாதிரி இருக்கிறது. கெட்டிக்காரன் அடித்தால் இது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

அந்த ஊர் டிவியில்தான் வில்லி ஓரீ என்பவரைப் பற்றி முதலில் கேட்டேன். அப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் ஃபிரடெரிக்டன் என்ற ஊரில் 1935-இல் பிறந்தவர். 1958 ஜனவரி 18-ஆம் தேதி மாண்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக இறங்கினார். என்.எச்.எல். என்ற அந்தப் பெரிய லீகில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தான். அன்றைக்கு லீகில் இருந்ததே ஆறு அணிகள். எல்லாம் சேர்த்தாலும் நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் இடம். வேறு நிறத்தில் ஒருவன் உள்ளே வந்தால் கூட்டம் என்னென்ன கத்தியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள். சிகாகோவில் ஒருவன் மட்டையின் பிடியால் முகத்தில் குத்தி முன்பல்லை உடைத்துவிட்டான், மூக்கும் உடைந்தது.

ஆனால் என்னை உட்கார்த்தி வைத்த சேதி வேறு. என்.எச்.எல்.லுக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, சின்ன லீகில் ஆடும்போது, ஒரு பக் திரும்பி வந்து வலது கண்ணில் அடித்துவிட்டது. அப்போது இருபது வயசு. அந்தக் கண்ணில் 95 சதவீதம் பார்வை போய்விட்டது. இனி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் மறுபடி ஐஸில் நின்றார். ஒற்றைக் கண்ணோடு ஆட என்.எச்.எல். விதி இடம் கொடுக்காது, அதனால் அணிக்குச் சொல்லவில்லை, பெற்றோருக்கும் சொல்லவில்லை. அவர் ஆடியதோ இடது ஓரத்தில். அங்கே நின்றால் ஆட்டம் முழுக்க வலது பக்கம்தான் நடக்கும். உனக்கு இது நன்றாகத் தெரியும், நீ லெப்ட் அவுட். வரும் பாஸைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுசாகத் திருப்பியாக வேண்டும். திருப்பும் நேரத்தில் இடிக்க வருபவன் வந்துவிடுவான். அப்படியும் ஆடினார். 1961 புத்தாண்டு அன்று பாஸ்டனில் மாண்ட்ரியலுக்கு எதிராக முதல் கோல் போட்டார். வெற்றி கோலும் அதுதான், ஜனமெல்லாம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்த வருஷத்தோடு என்.எச்.எல். முடிந்தது. மொத்தம் 45 ஆட்டம், 4 கோல். நம் ஊர்க் கணக்கில் இதை ‘கழித்துவிட்டார்கள்’ என்போம்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஆடினார் தெரியுமா? பதினெட்டு வருஷம்! லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்று மேற்குக் கரைப் பக்கத்துச் சின்ன லீகுகள். அங்கே அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். ஆட்டம் நல்ல கண் பக்கம் வந்துவிட்டது. 1964-65 சீசனில் 38 கோல். கடைசியாக ஆடியது 1979-இல், 43 வயசில். அப்புறம் ஹோட்டலில் செக்யூரிட்டி வேலைகூடப் பார்த்திருக்கிறார். 1998-இல் அதே என்.எச்.எல். அவரைக் கூப்பிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையைக் கொடுத்தது. 2018-இல் ஹாக்கி ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், 2022-இல் பாஸ்டன் அவருடைய 22-ஆம் எண் சட்டையை, இனி அந்த எண் வேறு யாருக்கும் இல்லை என்று மேலே ஏற்றிவிட்டது. கண்ணுக்கு முன்னால் மாட்டும் தடுப்பைப் புது ஆட்டக்காரர்களுக்கு அந்த லீக் கட்டாயமாக்கியது 2013-இல்தான். அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

முருகேசா, 1979-இல்தான் நம் செமி பைனலும். கடைசி மூன்று நிமிஷம், ஒன்றுக்கு ஒன்று. நீ இடது ஓரத்தில் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு வந்து, கோலுக்கு முன்னால் டி வட்டத்துக்குள் எனக்கு அளந்து போட்டாய். கோலி முன்னால் வந்துவிட்டான், மட்டையை வைத்தாலே கோல். பந்து என் காலுக்கு ஒரு ஜாண் முன்னால் போனது, நான் மட்டையை நீட்டவில்லை. நீ தரையில் மட்டையை ஓங்கி அடித்தது இன்னும் காதில் கேட்கிறது. ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தாய், அப்புறம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு நாலு மாதம் முன்னால் ப்ராக்டிஸில் கல்லில் பட்டு எழும்பிய பந்து என் இடது கண்ணில் அடித்தது நினைவிருக்கிறதா? வீக்கம் வடிந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று எல்லாருக்கும் சொன்னேன். சரியாகவில்லை. அந்தப் பக்கம் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரிதான் இன்றைக்கு வரைக்கும். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு என் பெயர் போயிருந்த நேரம். சொன்னால் வேலை போகும் என்று மறைத்தேன். கடைசியில் மெடிக்கலில் எப்படியும் தெரிந்துவிடும் என்று பயந்து வேலைக்கும் போகவில்லை, ஆட்டத்தையும் விட்டேன். மாமா கூப்பிட்டார் என்று சாக்குச் சொல்லிவிட்டு இங்கே லாரி புக்கிங் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஓரீயைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்கு வந்த நினைப்பு ஒன்றுதான். நானும் அவர் மாதிரி பக்கம் மாறி, ஆட்டம் நல்ல கண் பக்கம் வரும்படி இடது ஓரத்துக்குப் போயிருந்தால், எந்த உள்ளூர் டீமிலாவது இன்னும் பத்து வருஷம் ஓடியிருப்பேன். யாரும் என்னை விரட்டவில்லை, பெரிய இடத்துக்குப் போக முடியாது என்றதும் நானாகவே மட்டையைப் பரணில் போட்டுவிட்டேன். உன் பேரனுக்குக் கண் நன்றாக இருக்கிறது, காலும் நன்றாக இருக்கிறது. ஒரு தேர்வில் நாலு பேர் உட்கார்ந்து வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதானே. நம் நாட்டிலேயே லடாக்கில் குளம் உறையும் கொஞ்ச காலத்தில் பழகிப் பழகி, நம் ஐஸ் ஹாக்கிப் பெண்கள் 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கி வந்தார்கள். கோவில்பட்டியில் வருஷம் பூராவும் மைதானம் இருக்கிறது, செயற்கைப் புல்லே போட்டிருக்கிறார்கள். டியூஷனுக்குப் போகட்டும், காலையில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் போகட்டும். பெனால்டி கார்னர் தடுக்க நிற்கும்போது மட்டும் முகக் கவசம் இல்லாமல் விடாதே. நல்லதாக ஒன்று வாங்கு, பணம் நான் அனுப்புகிறேன். இதில் என்னோடு சண்டை போடாதே.

சாரல் முடிவதற்குள் அவனையும் கூட்டிக்கொண்டு வா. மட்டை இரண்டு எடுத்து வரச்சொல். எங்கள் தெருக் கோடியில் நெல் காயப்போடும் களம் இந்த மாதம் காலியாகத்தான் கிடக்கிறது. நீ இடது பக்கத்திலிருந்து ஒரு பாஸ் போடு, இந்தத் தடவை நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்புடன்,
உன் சங்கரன்